லஞ்ச் பேக்கை மூடி வைக்காதே, தங்கச்சி

சின்னமனூரிலிருந்து நர்ஸ் வேலைக்காகக் கேரளத்து இடுக்கி மலையில் இருக்கிற கட்டப்பனைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்கிறாய். வாடகை எவ்வளவு, மலையாளம் எப்படிப் பிடிபடும், சனங்கள் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "அக்கா, என் லஞ்ச் பேக் நாறுது, வெயிலே இல்ல, வாஷிங் மெஷின்ல போடலாமா?" எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

போடாதே. அந்தப் பையை ஒரு தடவை தடவிப் பார். வெளியே துணி, உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிற தாள், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய நுரைப் பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் அசையாமல் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காப்பாற்றுகிறது. மெஷினில் போட்டு முறுக்கினால் தாள் விரியும், பசை விடும், விரிசல் வழியாகத் தண்ணீர் பஞ்சுக்குள் இறங்கும். நம் ஊரில் ஒரு நாள் வெயிலில் அது காய்ந்துவிடும். இடுக்கி மழையில் காயவே காயாது. உள்ளே பூசணம் பிடித்துவிட்டால் அப்புறம் எதைப் போட்டும் எடுக்க முடியாது.

நான் 1998 ஆனியில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்க வந்தவள். கம்பத்தில் மேகத்தை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு, விடாமல் பெய்கிற நூல் மழை அதுதான் முதல். தூக்குவாளியைத் துணியில் சுற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு போவேன். சாயங்காலம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு வந்ததும் ஈரப் பையை அப்படியே ஆணியில் மாட்டுவேன், காலையில் அதிலேயே சோற்றை வைப்பேன். சோறும் ராத்திரி வடித்து மூடி வைத்ததுதான். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது லேசாக ஒரு வாடை. பசியில் சாப்பிட்டுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் வாந்தி. நாலு நாள் கூலி போயிற்று. பார்க்க வந்த மேஸ்திரி, "பாண்டிக்காரிக்கு மலை ஒத்துக்கொள்ளாது" என்று வாசலில் நின்று சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. தமிழ்நாட்டுக்காரர்களை இங்கே இளக்காரமாகப் பாண்டி என்பார்கள். மலை ஒத்துக்கொண்டது. அதே மலையில் நாலு சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கிறேன்.

ஒன்றைத் தெரிந்துகொள். இந்தப் பை அடுப்பும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. சூடு இறங்குவதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற சாப்பாட்டில் கிருமி வேகமாகப் பெருகும். சோற்றில் இருக்கிற ஒரு கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து அது விஷத்தை விட்டுவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. நர்ஸ் உனக்கு இது பாடத்திலேயே வந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் கை கழுவச் சொல்லித் தருகிற பிள்ளைகள்தான் நேற்றைய பையில் இன்றைய சோற்றை வைக்கிறார்கள். சோற்றைக் காலையில் வடித்துக் கொதிக்கக் கொதிக்க வை. தயிரைச் சாம்பாரோடு ஒரே பையில் வைக்காதே. அது சூடாகும், இது ஆறும், இரண்டும் கெடும்.

இனிச் சுத்தம் செய்வது. டூட்டி முடிந்து அறைக்குள் நுழைந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னாடியே டப்பாக்களை வெளியே எடு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடை. பச்சைத் தண்ணீர் இங்கே உதவாது. மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதை நீயே பாட்டிலில் பார்த்திருப்பாய். பையின் மூலைத் தையலிலும் அப்படித்தான் உறைந்து ஒட்டியிருக்கும். நாற்றம் பாதி அங்கிருந்துதான் வரும். மீதி ஜிப்பிலிருந்து. பழைய பல்துலக்கும் பிரஷால் இரண்டையும் தேய். கம்பி நார் மட்டும் தொடாதே. பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம்.

வாடை போகவில்லை என்றால் ஆப்பசோடாவை உள்ளே தூவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிடு. கறுப்புப் புள்ளி தெரிந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடை. புள்ளி தாளுக்கு அடியில் தெரிந்தால் பையைத் தூக்கிப் போடு, அதில் கஞ்சத்தனம் பார்க்காதே.

காய வைப்பதுதான் இங்கே பெரும்பாடு. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணி, விடிந்ததும் ஈரத் தாளை எடுத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் வாயைத் திறந்து கவிழ்த்து வை. அடுப்புப் பக்கம் வேண்டாம். என்னோடு வேலை செய்த ஒருத்தி காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் பையை மாட்டி வைத்தாள். அந்தச் சூட்டில் உள்தாள் சுருண்டு நின்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு பை வைத்து மாற்றி மாற்றி எடு. நாறினால் எறிந்துவிட்டு வேறு வாங்கு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் தமிழே தெரியாதது மாதிரி பேசுகிற ஆட்களும் அவர்கள்தான். நான் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றேன், ஊர்க்காரரைக் கண்டால் தமிழில்தான் பேசுவேன்.

வாடகையை உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் கேள். மலையாளத்தில் எழுத்தை முதலில் படி, பஸ் போர்டு வாசிக்க வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். சனங்கள் எல்லா ஊரையும் போலத்தான்.

என் பழைய நீலப் பை இன்னும் இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றி, எல்லை வழிகளான குமுளியும் கம்பம்மெட்டும் அடைபட்டபோது, ஜீப் இல்லாமல் நடந்தே கீழே இறங்கினோம். கையில் எடுத்தது அந்தப் பை ஒன்றுதான். சோறு வைக்கவில்லை. ரேஷன் கார்டும் மகளின் பள்ளிச் சான்றிதழும் உள்ளே இருந்தன. காட்டுப் பாதை முழுக்க மூடுபனி, உடுத்தியது எல்லாம் நனைந்தது. கம்பத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தேன். ஒரு தாளும் ஈரமாகவில்லை. நிலைமை அடங்கியதும் அதே பையோடு திரும்பி வந்தேன்.

இன்றைக்கு ராத்திரியே பையைத் துடைத்துச் சோடா தூவிவிடு. ரெண்டு நாள் பை காயட்டும், அதுவரை தூக்குவாளியில் கொண்டுபோ.