லாங்ஃபோர்டுக்குப் பட்டம் ஏன் இல்லை?

கேள்வி: கடந்த இதழில் சாம் லாங்ஃபோர்டை மாபெரும் குத்துச்சண்டை வீரர் என்று எழுதியிருந்தீர்கள். ஓர் உலகப் பட்டம்கூட வெல்லாதவர் எப்படி மாபெரும் வீரர் ஆவார்? 1906-ல், பின்னாளில் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) உலக சாம்பியனான ஜாக் ஜான்சனிடம் தோற்றும் இருக்கிறார். நிறவெறி தடுத்துவிட்டது என்பீர்கள். ஆனால், பட்டத்தை வைத்துக்கொண்டு அவரோடு மோத மறுத்த ஜான்சனும் கறுப்பர்தானே? அனுதாபத்தை வைத்து வரலாறு எழுதலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: அனுதாபத்தை வைத்து எழுதக் கூடாது. அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆகவே உங்களுக்குச் சாதகமான செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். 1906 ஏப்ரல் 26 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி நகரில் நடந்த 15 சுற்றுச் சண்டையில் லாங்ஃபோர்டு ஐயத்துக்கு இடமின்றித் தோற்றார். அவர்தான் ஜான்சனைத் தரையில் வீழ்த்தினார் என்றொரு கதை பிற்காலத்தில் பரவியது. பரப்பியவர் லாங்ஃபோர்டின் மேனேஜர் ஜோ உட்மன். அன்றைய பத்திரிகைச் செய்திகளோ தரையில் விழுந்தவர் லாங்ஃபோர்டு என்கின்றன. அந்தப் பொய் அவருக்குத் தேவையில்லை.

ஆனால், அந்தத் தோல்வியை எடுத்துக் காட்டும் நீங்கள் அன்றைய எடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாங்ஃபோர்டு சுமார் ஐந்தடி ஏழு அங்குல உயரம். அன்று அவர் எடை 156 பவுண்டு அளவில் இருந்தது. ஜான்சன் ஆறடியை ஒட்டிய உயரம். எடையில் ஏறத்தாழ 30 பவுண்டு கூடுதல். இன்று எந்தக் குத்துச்சண்டை ஆணையமும் இப்படி ஒரு சண்டைக்கு அனுமதி கொடுக்காது. அந்த உடம்போடு 15 சுற்றையும் முடித்து நின்றார். அதற்குப் பிறகு உடம்பிலும் திறமையிலும் அவர் வளர்ந்துகொண்டே போனார். ஜான்சன் மீண்டும் ஒரு முறைகூட அவரோடு மேடை ஏறவில்லை.

லாங்ஃபோர்டு பிறந்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், வேமவுத் ஃபால்ஸ் என்ற சிறிய ஊரில். சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, கிடைத்த வேலையைச் செய்து பாஸ்டன் வந்து சேர்ந்தார். மருந்துக்கடை வைத்திருந்த உட்மனின் பயிற்சிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் கையுறை மாட்டினார். 1903 டிசம்பரில், இருபது வயதை ஒட்டிய இந்த இளைஞர், லைட்வெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவின் உலக சாம்பியன் ஜோ கான்ஸை 15 சுற்றில் வென்றார். எடை வரம்பை மீறி இருந்ததால் பட்டம் கைமாறவில்லை. அடுத்த ஆண்டு, அதற்கு மேலான வெல்டர்வெயிட் பிரிவின் சாம்பியனான பார்படோஸ் நாட்டு ஜோ வால்காட்டுடன் பட்டத்துக்காக மோதினார், முடிவு சமநிலை. சமநிலை என்றால் பட்டம் வைத்திருப்பவரிடமே தங்கிவிடும்.

பிறகு மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட், ஹெவிவெயிட் என்று எடைப் பிரிவுகளில் மேலே மேலே ஏறினார். 1909-ல் லண்டனுக்குப் போய் இங்கிலாந்தின் ஹெவிவெயிட் சாம்பியன் அயன் ஹேகை நான்காம் சுற்றில் நாக்-அவுட் செய்தார். பதிவில் உள்ள அவருடைய சண்டைகளே 250-க்கு மேல். அவற்றில் பெரும் பகுதி ஒரு சிலரோடு திரும்பத் திரும்ப நடந்தவை: சாம் மெக்வி, ஜோ ஜெனெட், ஹாரி வில்ஸ். ஒவ்வொருவரோடும் பத்து முறைக்கு மேல்! வெள்ளைச் சாம்பியன்களும் முன்வரிசை வெள்ளை வீரர்களில் பலரும் நிறத்தைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். லாங்ஃபோர்டு போன்ற கறுப்பின வீரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டியிருந்தது. இவர்களுக்கென்று 'கறுப்பினத்தவர் ஹெவிவெயிட் பட்டம்' என்று ஒன்றைத் தனியாக ஒதுக்கிவைத்தார்கள். அதை லாங்ஃபோர்டு ஐந்து முறை வென்றார். அதை உங்கள் கணக்கில் சேர்ப்பீர்களா?

பட்டம் உள்ளவர்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்ஸி, எந்த மனிதனையும் கண்டு அஞ்சாத தான் லாங்ஃபோர்டோடு மோத மட்டும் அஞ்சியதாகத் தன் சுயசரிதையில் எழுதினார். 1916-ல் அந்த வாய்ப்பு வந்தபோது அவர் மறுத்துவிட்டார்.

1917-ல் பாஸ்டனில் ஃப்ரெட் ஃபுல்டனோடு நடந்த சண்டையில் லாங்ஃபோர்டின் ஒரு கண் போனது. மற்றதும் மங்கத் தொடங்கியது. கையில் பணம் இல்லை, வேறு தொழிலும் தெரியாது, சண்டையை விடவில்லை. 1922-ல், எதிரே நிற்பவர் நிழலாகத்தான் தெரிகிறார் என்ற நிலையில், அட்லாண்டாவில் டைகர் ஃப்ளவர்ஸ் என்ற இளைஞரை இரண்டாம் சுற்றில் நாக்-அவுட் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஃப்ளவர்ஸ் மிடில்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அந்தப் பிரிவில் முதல் கறுப்பின சாம்பியன் அவர்தான். பட்டம்தான் அளவுகோல் என்ற உங்கள் கணக்குப்படி ஃப்ளவர்ஸ் பெரியவர். பார்வை இழந்து, இளமையும் கடந்த பிறகு அவரை வீழ்த்தியவர் சிறியவர். இதை எப்படி ஏற்பது?

1944-ல் 'நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன்' நிருபர் ஆல் லேனி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு சிறிய அறையில், முற்றிலும் பார்வையற்ற லாங்ஃபோர்டைக் கண்டுபிடித்தார். பலர் அவர் இறந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். லேனியின் கட்டுரையைப் படித்தவர்கள் அனுப்பிய பணத்தில் ஓர் அறக்கட்டளை அமைந்தது; 1956 ஜனவரியில் இறக்கும்வரை அவர் காலம் ஓரளவு கவலையின்றிக் கழிந்தது.

இனி உங்கள் கேள்வியில் கூர்மையான பகுதிக்கு வருகிறேன். ஆம், ஜான்சன் கறுப்பர். 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின ஹெவிவெயிட் வீரர். லாங்ஃபோர்டோடு லண்டனில் மோதுவதாகப் பட்டம் பெறுவதற்கு முன் ஒப்புக்கொண்டிருந்தவர், பெற்ற பிறகு வரவில்லை. இது ஜான்சனின் தவறு. இதை மழுப்ப நான் தயாராக இல்லை.

ஆனால், ஒரு கறுப்பர் மறுத்தார் என்பதாலேயே அங்கே நிறவெறி இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்களே, அதுதான் பிழை. பணம் எங்கே இருந்தது என்று பாருங்கள். ஜான்சனை ஒரு வெள்ளையர் அடித்து வீழ்த்துவதைப் பார்க்கத்தான் வெள்ளைக் கூட்டம் டிக்கெட் வாங்கியது. 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் முன்னாள் சாம்பியனான வெள்ளையர் ஜிம் ஜெஃப்ரிஸை அவர் வென்றபோது அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம் மூண்டு கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு கறுப்பர்கள் மோதும் பட்டச் சண்டைக்கு அதே அளவு பணம் போட ஏற்பாட்டாளர்கள் தயாராக இல்லை. குறைந்த பணத்துக்கு, மிக ஆபத்தான எதிரியோடு மோதிப் பட்டத்தை இழப்பானேன் என்று ஜான்சன் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின் எண்களை எழுதியது நிறவெறி. விடையைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டவர் ஜான்சன்.

கடைசியில் ஒரு கறுப்பினத்தவருக்கு அவர் வாய்ப்புக் கொடுக்கவும் செய்தார். அமெரிக்க நீதிமன்றம் தண்டித்த பிறகு நாட்டை விட்டுத் தப்பி வந்து பாரிஸில் இருந்த சமயம் அது. 1913 டிசம்பர் 19 அன்று அங்கே அவர் மோதியது லாங்ஃபோர்டோடு அல்ல, ஜெனெட்டோடும் அல்ல. அவர்களைவிடத் தரத்தில் குறைந்த பேட்லிங் ஜிம் ஜான்சனோடு. அது சமநிலையில் முடிந்து, பட்டம் தப்பியது. மறுநாள், டிசம்பர் 20, அதே பாரிஸ் நகரில் லாங்ஃபோர்டும் ஜெனெட்டும் 20 சுற்றுகள் மோதினார்கள். லாங்ஃபோர்டு வென்றார். உலக ஹெவிவெயிட் பட்டச் சண்டைகளின் பட்டியலில் முதல் நாள் சண்டை இருக்கிறது. இரண்டாம் நாள் சண்டை இல்லை. நீங்கள் எனக்கு எதிராகக் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.