நிறத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகளிலும் சேர்வராயன் மலையிலும் குழுவாக நடப்பவர்கள் தேள், பல்லி, ஓணான் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஜருகுமலைப் பக்கம் பத்துப் பேராக நடக்கப் போகிறோம். “கறுப்புத் தேள்தான் கொடியது, சிவப்பு ஒன்றும் செய்யாது” என்கிறார் எங்கள் தெருப் பெரியவர். சரிதானா?
– வாசகர், அம்மாபேட்டை

நேர் எதிர். பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. கறுப்புத் தேளின் உருவம் அப்படி. நட்டுவாக்காலி என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய கருந்தேள் நண்டுக்கால் மாதிரி இரண்டு தடித்த இடுக்கிகளை விரித்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் குலை நடுங்கும். ஆனால் அதன் பலமெல்லாம் அந்த இடுக்கியில்தான். இரையை நசுக்கியே கொன்றுவிடுவதால் அதற்குக் கொடுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வால் மெலிந்திருக்கும், நஞ்சும் வீரியம் குறைந்தது. கொட்டினால் வலிக்கும், வீங்கும். பெரும்பாலும் அதோடு சரி.

செந்தேள் வேறு சாதி. அறிவியல் பெயர் ஹாட்டன்டோட்டா தமுலஸ். பெயரிலேயே தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீளம் ஐந்து முதல் ஒன்பது செ.மீ. வரை. இடுக்கி குச்சி போல ஒல்லி. வால் கணுக்கணுவாகத் தடித்து, முதுகின் மேல் வளைந்து நிற்கும். இந்தியாவில் ஆளைக் கொல்லக்கூடிய தேள்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஆகவே பார்க்க வேண்டியது இடுக்கியும் வாலும். இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் ஆபத்து குறைவு. இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள். நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். செந்தேள் இளஞ்சிவப்பிலிருந்து கரும்பழுப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கரும்பழுப்பு கறுப்பாகவே தெரியும். “சின்னது, கறுப்பு, நட்டுவாக்காலிக் குட்டி” என்று முடிவு கட்டுவதுதான் குழுக்களில் அடிக்கடி நடக்கும் தவறு. நட்டுவாக்காலிக்குக் குட்டியிலேயே இடுக்கி அகலமாகத்தான் இருக்கும். இதுவும் தோராயமான விதிதான் என்பதால், எந்தத் தேளையும் கையால் தொடாதீர்கள்.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட்டில் தேள் மின்னுமாமே? வாங்கிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. சேலத்தில் தேளே இல்லையா, லைட்டில் கோளாறா?
– ஒரு கல்லூரி மாணவர், ஓமலூர்

கோளாறு லைட்டில்தான் இருக்க வேண்டும். தேளின் மேலோட்டில் உள்ள சில வேதிப்பொருட்கள் புறஊதாக் கதிரை வாங்கிப் பச்சை நீலமாகத் திருப்பி ஒளிர்கின்றன. மலிவான லைட்டுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிபவை. அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே நிறையக் கொட்டுகிறது. அந்த ஊதாவில் தேளின் மினுக்கம் அமுங்கிவிடும், இரண்டடி தூரத்துக்கு மேல் பயன் இல்லை. கேட்டு வாங்க வேண்டியது 365 நானோமீட்டர் டார்ச், முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியது. அதில் பதினைந்தடி தள்ளியிருக்கும் தேள் கூடப் பச்சைப் புள்ளியாகத் துலங்கும்.

நாளும் முக்கியம். நிலா முழுதாகக் காயும் இரவில் தேள்கள் அதிகம் வெளியே வருவதில்லை. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, வெக்கையான இரவு நல்லது. கோடைமழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போனால் இன்னும் நல்லது. இருட்டி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குங்கள்.

மின்னுவதெல்லாம் தேள் இல்லை. பிளாஸ்டிக் துண்டு, சோப்புத்தூளில் துவைத்த துணி, பாறைமேல் படிந்த சில வகைப் பாசி, சில மரவட்டைகள் எல்லாமே ஒளிரும். தேள் உரித்துப்போட்ட வெற்றுச் சட்டையும் மின்னும். அசையாமல் கிடப்பது அதுவாக இருக்கலாம். எதிர்ப்புறம், இப்போதுதான் சட்டை உரித்த தேள் மேலோடு இறுகும்வரை சரியாக மின்னாது.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்: புறஊதா வெளிச்சத்தில் பாம்பு தெரியாது. எல்லோரும் ஊதா டார்ச்சையே பிடித்துக்கொண்டு நடந்தால், பச்சைப் புள்ளியை நோக்கி ஓடுகிறவர் சுருட்டைவிரியன் மேல் கால் வைப்பார். பத்துப் பேருக்கு ஊதா டார்ச் இரண்டு போதும். முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் வெள்ளை டார்ச்சோடு தரையைப் பார்த்து நடக்கட்டும். ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி, ஒரே வரிசை. ஊதா டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொண்டால் பாதுகாப்பு. தேளின் மீதும் ஒரு நிமிடத்துக்கு மேல் அடிக்க வேண்டாம், அது வெளிச்சத்தை விட்டு விலகி ஓடப் பார்க்கும்.

இரவில் காப்புக்காட்டுக்குள் நுழைய முடியாது என்பதால் இதையெல்லாம் பட்டா நிலத்திலோ எஸ்டேட்டிலோ உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பகலில் மலையேறவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபின் விதிகள் கடுமையாகிவிட்டன.

பகலில் தேடுவது எப்படி? கல்லைப் புரட்டித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, ஆத்தூர்

புரட்டாமலே நிறையப் பார்க்கலாம். நட்டுவாக்காலி வளை தோண்டி வாழ்வது. பாறை அடியிலும் மண்சரிவிலும் வாய் அகலமாக, மேல்விளிம்பு வளைந்து அடி தட்டையாக, பிறைநிலாவைப் படுக்கவைத்தது போல ஓட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் தேள்வளை. எலிவளை வட்டமாக இருக்கும். ஓட்டையின் ஓரத்தில் பட்டுநூல் போல வலை படிந்திருந்தால் உள்ளே பெரிய சிலந்தி. வளைக்குள் குச்சி விட்டுக் குடையாதீர்கள்.

செந்தேள் அப்படி ஆழமாகத் தோண்டுவதில்லை. கல்லுக்கடியில், பட்டைக்கடியில், செங்கல் அடுக்கில் ஒண்டிக்கொள்ளும். கல்லைப் புரட்டுவதானால் ஒரு முறை இருக்கிறது. கல்லின் எதிர்ப்பக்க விளிம்பை நீண்ட கொக்கிக் கம்பியால் பற்றி உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். திறக்கும் வாய் உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கும்; உள்ளே பாம்பு இருந்தாலும் அந்தப் பக்கம் போய்விடும், கல் உங்களுக்குக் கேடயம். விரலை அடியில் நுழைத்துத் தூக்குகிறவர்தான் கொட்டு வாங்குவார். பார்த்து முடிந்ததும் கல்லை அதே பள்ளத்தில், அதே முகம் கீழாக, பழைய ஈரத்தடத்தில் பொருந்தும்படி வையுங்கள். அடியில் பிராணி இருந்தால் அதை முதலில் ஒதுங்கவிட்டுக் கல்லை வைத்தால், அதுவே விளிம்பு வழியாக உள்ளே போய்க்கொள்ளும். நேராக வைத்தால் நசுங்கும்.

பாறையிலிருந்து அப்பளம் போல எழும்பி நிற்கும் தகடுகளைக் கம்பி விட்டு நெம்பவே கூடாது. அது உருவாக எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு முறை பெயர்த்தால் அந்த இடுக்கில் இருந்த பல்லிக்கு வீடு போனது போனதுதான்.

பாலைவனத்துத் தேளும் முள்வால் பல்லியும் சேலம் கரடுகளில் உண்டா? கஞ்சமலை அடிவாரமும் பார்க்கப் பாலைவனம் மாதிரிதானே இருக்கிறது!
– வாசகர், இளம்பிள்ளை

கோடையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழை, நமக்கு அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். இது முட்புதர்க் காடு, பாலை இல்லை. முள்வால் பல்லி தார்ப் பாலையிலும் கட்ச்சிலும் வாழ்வது, இலைதழை தின்னும். சந்தையில் “சாண்டா எண்ணெய்” என்று விற்பது அதன் கொழுப்பை உருக்கியது. அதில் மருந்தும் இல்லை, மகிமையும் இல்லை, விற்பது குற்றம். தடித்த வாலுடைய பாலைத் தேள்களும் வடமேற்கில்தான்.

அதற்குப் பதில் நம் வறண்ட நிலத்துக்கென்றே சில உண்டு. விசிறிக்கழுத்து ஓணானைத் தேடுங்கள்: விரல் நீளம்தான், தரையிலேயே ஓடும். இனப்பெருக்க காலத்தில் ஆண் சிறு கல்லின் மேல் ஏறிக் கழுத்துத்தோலை விசிறி போல மடக்கி விரிக்கும். 2016இல் தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு ‘சிட்டானா விசிரி’ என்றே பெயர். அதே ஆண்டு இன்னொன்றுக்கு ‘மருதம்நெய்தல்’. பெண்ணுக்கு விசிறி இல்லாததால் குழப்பம் வரும். பின்காலில் நான்கு விரல்தானா என்று பாருங்கள்; மற்ற ஓணான்களுக்கு ஐந்து.

இன்னொன்று பாம்புக்கண் பல்லி. உடலில் நீளக் கோடுகள், உடம்பைவிட நீண்ட வால், இமை அசையாது. கண்ணாடி போல மூடியே இருக்கும். வெயில் ஏற ஏற வேகம் கூடும் என்பதால் காலை எட்டரைக்குள் பார்த்தால்தான் படம் கிடைக்கும்.

கொண்டை ஊசி வளைவில் பாறைமேல் பாதி சிவப்பு, பாதி கறுப்பாக ஓர் ஓணான் இருந்தது. இரத்தம் குடிக்கும் ஓணான் என்கிறாள் என் மகள்.
– வாசகி, அஸ்தம்பட்டி

எந்த ஓணானும் இரத்தம் குடிக்காது. நீங்கள் பார்த்தது பாறை ஓணானின் ஆண். இனப்பெருக்க காலத்து அலங்காரம் அது, விரட்டினால் மங்கிவிடும். வீட்டுவேலி ஓணானுக்கும் அப்போது தலை சிவக்கும். ஆனால் அதற்குப் பிடரியிலிருந்து முதுகு வரை முள்வரிசை உண்டு. பாறை ஓணானுக்கு முதுகு வழவழப்பு, உடல் தட்டை.

ஏற்காட்டில் பகலிலேயே பாறையில் சின்னப் பல்லிகள் ஓடுகின்றன. வீட்டுப் பல்லிக் குட்டிகளா?
– ஓர் ஆசிரியர், ஏற்காடு

இல்லை, இவை உங்கள் ஊருக்குப் பெருமை. பகல்பல்லிகள். வீட்டுப் பல்லியின் கண்ணில் பாவை வெளிச்சத்தில் செங்குத்துக் கோடாகச் சுருங்கும், இவற்றுக்கு வட்டம். வீட்டுப் பல்லியின் விரலடியில் ஒட்டுத்திண்டு உண்டு. இவற்றுக்கு விரல் மெலிந்து நகம் மட்டும் தெரியும். வால் நீங்கலாக உடல் கட்டைவிரல் நீளம் இருந்தால் அதிகம். நிழலான பாறை முகத்தில், சிறுபாலத்தின் அடியில், காபித் தோட்டத்துக் கல்சுவரில் தேடுங்கள்.

2000ஆம் ஆண்டில் ஒன்றுக்கு ஊரின் பெயராலேயே ‘நிமாஸ்பிஸ் யேர்காடென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 2019இல் இதே மலையிலிருந்து மேலும் இரண்டு இனங்கள் விவரிக்கப்பட்டன. ஒன்றின் பெயர் ‘செவராயென்சிஸ்’. மூன்றையும் உறுதியாகப் பிரிக்கச் செதில்களையும் ஆணின் தொடைத் துளைகளையும் எண்ண வேண்டும். போனில் எடுத்த படத்தை வைத்து “இதுதான்” என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ‘பகல்பல்லி’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

இரவில் எஸ்டேட் கட்டடச் சுவர்களையும் பாருங்கள். மெலிந்த உடலும் குட்டைக் காலுமாக ஒரு பல்லி தென்படலாம். ஆங்கிலேய இயற்கையாளர் பெட்டோம் 1870இல் சேர்வராயன் மலையிலிருந்து விவரித்த ‘ஹெமிஃபில்லோடாக்டைலஸ் அவுரான்டியாகஸ்’ அதுதான்.

அரணை கடித்தால் மரணமா?
– வாசகர், வாழப்பாடி

எதுகை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அரணைக்கு நஞ்சே இல்லை. வால் சிவந்த குட்டியைக் கண்டாலும் பயப்பட வேண்டாம்.

நடக்கும்போது தேள் கொட்டிவிட்டால்?
– வாசகர், தாரமங்கலம்

எந்தத் தேள் என்று தேடி நேரத்தை விரயம் செய்யாதீர்கள். கொட்டிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், ஷூவைக் கழற்றுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். துணியில் சுற்றிய குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேலே வைத்தால் வலி கொஞ்சம் தணியும். 108ஐ அழையுங்கள்.

வலி குறைவு என்று மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். செந்தேள் நஞ்சில் கவனிக்க வேண்டியவை வேறு: உடம்பெல்லாம் வியர்வை, கைகால் சில்லிடுவது, வாந்தி, எச்சில் ஊறுவது, படபடப்பு, பிறகு மூச்சுத்திணறல். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பதுதான் உயிரைக் குடிப்பது. குழந்தைகளுக்கு ஆபத்து பல மடங்கு. அறிகுறி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பது நல்லது.

மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை இதற்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் சாவுகள் பெருமளவு குறைந்தன. தேளுக்கென்று எதிர்நஞ்சும் உண்டு; பாம்புக்கடி மருந்து இதற்கு உதவாது. பிரசோசினை நீங்களே பையில் வைத்துக் கொடுக்காதீர்கள். முதல் மாத்திரையிலேயே அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றால் மயங்கி விழுவார்கள். அதனால்தான் படுக்கவைத்துக் கொடுக்கிறார்கள்.

படம் எப்படி எடுத்தால் இனம் கண்டுபிடித்துச் சொல்வார்கள்? ஒன்றிரண்டைப் பாட்டிலில் போட்டு வரலாமா?
– வாசகர், மேட்டூர்

பாட்டில் வேண்டாம். உடும்பு போன்றவற்றைத் தொட்டாலே 1972 வனவுயிர்ச் சட்டம் பாயும். மற்றவற்றையும் காப்புக்காட்டிலிருந்து எடுத்து வரக் கூடாது.

தேளுக்கு மூன்று படம்: மேலிருந்து முழு உடல், ஓர் இடுக்கி நெருக்கமாக, பக்கவாட்டில் வாலும் கொடுக்கும். பல்லிக்கு நான்கு: கண், முதுகு, கால்விரல், வாலின் அடிப்பகுதி. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அகலம்; தேளுக்கு அரையடி தள்ளி அதே தரையில் வைத்தால் அளவு கிடைக்கும். நாணயத்தை எடுக்கும்போது கையை நீட்டாமல் குச்சியால் இழுங்கள். உயரத்தையும் எதன் மேல் இருந்தது என்பதையும் எழுதுங்கள். அடிவாரத்துப் பாறையா, 1,500 மீட்டரில் சில்வர் ஓக் மரமா என்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

படம் போட்டால் இனத்தை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். செல்லப்பிராணி வியாபாரிகளும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.