மாடுகள் கன்று வீசுகின்றன: எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போடலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் 9 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு மாடு ஏழாம் மாதச் சினையில் கன்று வீசியது (கரு கலைந்து விழுந்தது), நஞ்சுக்கொடியும் விழவில்லை. இப்போது இன்னொன்றும் வீசிவிட்டது. கன்று வீச்சு நோய்க்கு ஊசி இருக்கிறதாமே, மீதி மாடுகளுக்கு உடனே போட்டுவிடலாமா? பரிசோதனை அவசியமா?

பதில்: பரிசோதனைதான் முதலில். நீங்கள் கேட்கும் ஊசி சினை மாட்டுக்கானதே அல்ல. ஸ்ட்ரெயின் 19 எனப்படும் அந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள புருசெல்லா கிருமி; கன்று வீச்சு நோயை உண்டாக்குவது இந்தக் கிருமிதான். 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே முறை போடுவார்கள். சினை மாட்டுக்குப் போட்டால் ஊசியாலேயே கன்று வீசக்கூடும். காளைக் கன்றுக்கும் கூடாது. வளர்ந்த மாட்டுக்குப் போடுவதில் இன்னொரு சிக்கல்: அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நெடுநாள் நிற்கும். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கன்று வீசியதெல்லாம் புருசெல்லாவும் அல்ல. எலிக்காய்ச்சல் கிருமி, வைரஸ், பூஞ்சை பிடித்த தீவனம் என்று காரணங்கள் பல. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் வீசுவது, நஞ்சுக்கொடி தங்குவது, ஒன்றையடுத்து இன்னொன்று வீசுவது, மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் புருசெல்லா மேல்தான்.

கால்நடை மருத்துவரிடம் சொல்லி 9 மாடுகளுக்கும் ரத்தம் எடுங்கள். ரோஸ் பெங்கால் சோதனை எளிது. ஒரு சொட்டுச் சீரத்தோடு இளஞ்சிவப்பு மருந்தைக் கலந்து ஆட்டினால், நோய் இருந்தால் நான்கு நிமிடத்துக்குள் திரிதிரியாகிவிடும். அதை எலைசா என்னும் ஆய்வகச் சோதனையில் உறுதி செய்துகொள்ளலாம். அண்மையில் வீசிய மாட்டில் முதல் முறை 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

நோய் உறுதியான மாட்டைத் தனியே கட்டுங்கள். மருந்தால் தீரும் என்று எண்ண வேண்டாம், சந்தையில் தள்ளிவிடவும் வேண்டாம். வாங்கியவர் தொழுவமும் கெடும். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அந்த இடத்து வைக்கோல் எல்லாவற்றையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், நாய் இழுக்காதபடி. வெறுங்கையால் நஞ்சுக்கொடியை இழுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

தொழுவத்தில் கிடேரிக் கன்று இருந்தால் வயது பார்த்து ஊசி போடச் சொல்லுங்கள். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். போடுபவரும் கையுறை, கண்ணாடி அணிய வேண்டும். ஊசி தவறிக் குத்தினால் மனிதருக்கும் நோய் வரலாம்.

அப்புறம், பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி இருந்தால் டாக்டரிடம் மாடு கன்று வீசியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் டைபாய்டைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.