பதில்: வேர்டில் எக்ஸ்எம்எல் துண்டைச் செருகினால் பிழை வருகிறது

வணக்கம். விபிஏ-வில் (வேர்டுக்குள் நிரல் எழுதும் மொழி) ஒரே ஒரு பத்தியை எக்ஸ்எம்எல்-ஆக, அதாவது குறிகளிட்ட உரையாக எழுதி, அதை ஆவணத்தில் செருகும் இன்சர்ட்எக்ஸ்எம்எல் கட்டளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள், "இந்த இடத்தில் செருக முடியாது" என்று வேர்ட் மறுக்கிறது, சரிதானே? இடத்தில் குறை இல்லை. அந்தச் செய்தியை நம்பி கர்சரை நகர்த்திக்கொண்டே இருக்காதீர்கள்.

துண்டு துணுக்குகளை இன்சர்ட்எக்ஸ்எம்எல் ஏற்காது. முழு ஆவணமாகக் கேட்கும். வெளியே பேக்கேஜ் என்ற உறை, உள்ளே எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சுட்டும் ரிலேஷன்ஷிப் பகுதி ஒன்று, உரை இருக்கும் டாக்குமென்ட் பகுதி ஒன்று. உங்கள் பத்தி டாக்குமென்ட் பகுதியின் பாடி என்ற குறிக்குள் வர வேண்டும்.

உறையைக் கையால் அடிப்பது வீண் வேலை. புது ஆவணத்தில் ஒரு சொல் அடித்து, 'வேர்ட் எக்ஸ்எம்எல் டாக்குமென்ட்' வகையில் சேமித்து நோட்பேடில் திறவுங்கள். தீம், செட்டிங்ஸ் போன்றவற்றை வெட்டிவிடலாம். வெட்டினால், டாக்குமென்ட்டுக்கென்று தனியாக இருக்கும் ரிலேஷன்ஷிப் பகுதியையும் தூக்கிவிடுங்கள். இல்லாத பகுதிகளை அது சுட்டிக்கொண்டிருக்கும். முதல் ரிலேஷன்ஷிப் பகுதியை மட்டும் தொடாதீர்கள். மிச்சத்தை நிரலில் ஒரு சரமாக (ஸ்ட்ரிங்) வைத்துக்கொண்டு, பத்தியை மட்டும் மாற்றினால் போதும். செருகியபின் கீழே ஒரு வெற்றுப் பத்தி ஒட்டிக்கொண்டு வந்தால் அதை நிரலிலேயே அழித்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் உரை தமிழ் என்பதால் இன்னொன்று. வழக்கமான எழுத்துரு, அளவு, தடிமன் குறிகள் தமிழுக்குப் பலிக்காது. வேர்ட் தமிழை 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' (சிக்கலான எழுத்துமுறை) ஆக நடத்துவதால், பெயரில் 'சிஎஸ்' சேர்ந்த இணைக் குறிகளையும் போட வேண்டும். அளவு அரைப் புள்ளிக் கணக்கு: 12 வேண்டுமானால் 24 என்று கொடுங்கள்.