குடும்பத்தோடு நகரத்தை விட்டுக் கடலோரச் சிற்றூருக்குப் போகலாமா?

நகரத்தை விட்டுவிட்டு மனைவி, 14 வயது மகள், 6 வயது மகன், இதய நோய் உள்ள அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு சின்னக் கடற்கரை ஊருக்குப் போகலாமா, போனால் பின்னால் வருத்தப்படுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலை தெரிகிற மாதிரி ஒரு வீடு விலைக்கு வருகிறது, அதை விட மனசில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் அந்த வீட்டை இப்போது வாங்க வேண்டாம், ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் கிட்டத்தட்ட இதே கணக்கோடுதான் கிளம்பினோம்: நான், கணவர், 13 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பையன், மாமியார். இன்னும் அங்கேதான் இருக்கிறோம், திரும்பிப் போகும் எண்ணம் துளியும் இல்லை. அதனால் பயமுறுத்துவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

எனக்குப் புரிய ரொம்ப நாளான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே லாரியோடு வந்து இறங்கினாலும் எல்லோரும் ஒரே நாளில் குடிவந்துவிடுவதில்லை. எங்கள் வீட்டில் கணவர் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டார். பையனுக்கு ஒரு மாதம். மாமியாருக்கு நாலைந்து மாதம். எனக்கு ஒரு வருடம். பெண்ணுக்கு முழுசாக இரண்டு வருடம். முதலில் வந்து சேர்ந்தவருக்கு மற்றவர்கள் ஏன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விளங்குவதே இல்லை, எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் வந்தது.

கணவர் சீக்கிரம் பழகியதற்குக் காரணம், அவருக்கு எதுவும் மாறவில்லை. வீட்டிலிருந்தே வேலை, அதே சம்பளம், ஜன்னலுக்கு வெளியே மட்டும் கடல். புயல் அடித்து மூன்று நாள் இணையம் போன பிறகு, முதல் இணைப்போடு சம்பந்தமில்லாத இரண்டாவது இணைப்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் அவருக்கு வந்த கஷ்டம். நான் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் 11 வருடம் வேலை பார்த்தவள். சின்ன ஊரில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கும், அதிலும் ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருப்பார். எட்டு மாதம் வீட்டில் இருந்தேன், அப்புறம் 40 நிமிடம் தள்ளி இருக்கிற ஊரில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. உங்களுக்கு வேலை கையோடு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மனைவி வேலையை விடுவார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியைப் பற்றி அவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, வீட்டுக்கு வருகிறேன். முதலில் நாங்களும் கடலைப் பார்த்த வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். மூன்றாவது வாரம் முன் அறை ஜன்னலைத் திறக்கப் போனால் கீல் அசையவில்லை, கையில் சிவப்பாகத் துரு ஒட்டியது. கண்ணாடி பால் ஊற்றிய மாதிரி மங்கிப் போயிருந்தது, விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்பு. அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து எல்லாவற்றின் மேலும் படிய வைக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். ஆகவே இரும்பு எப்போதும் உப்புத் தண்ணீரில் நனைந்தபடியே இருக்கிறது. ஏசியின் வெளிப்பெட்டியில் உள்ள மெல்லிய அலுமினியத் தகடுகள் இரண்டாவது வருடமே தொட்டால் உதிர்ந்தன. தாழ்ப்பாள், கீல், திருகாணி வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகில் 304 ரகத்தை விட 316 ரகம் உப்பைத் தாங்கும், விலை கூட இருந்தாலும் அதையே கேளுங்கள். வெளியில் இருக்கும் இரும்புச் சாமான்களை அவ்வப்போது நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே ஆயுசு கூடும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற துரு. விலைக்கு வாங்குகிறவர் பயப்பட வேண்டியது கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கு. உப்பில் உள்ள குளோரைடு மெதுவாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட் வெடித்துப் பெயரும். புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்த வீட்டின் கூரை அடிப்பக்கத்தையும் பால்கனி ஓரங்களையும் ஒரு கட்டடப் பொறியாளரை வைத்துத் தட்டிப் பாருங்கள். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே உப்புப் படிவது வெகுவாகக் குறைந்துவிடும். நாங்கள் ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி வந்த பிறகு நிம்மதியாக இருக்கிறோம், மதியத்தில் கடற்காற்று இங்கேயும் வரத்தான் செய்கிறது.

தண்ணீரையும் பாருங்கள். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, மேலே நிறைய இறைத்தால் கீழே உள்ளது ஏறி வரும். நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல் நீர் கலந்தாலே வாயில் வைத்தால் தெரியும். கிணறோ ஆழ்துளையோ இருந்தால் கோடைக் கடைசியில் எடுத்த தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், மழை பெய்த மறுவாரம் எடுத்ததை நம்பாதீர்கள்.

அதே மாதிரி ஊரையும் நல்ல நாளில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். சுற்றுலா சீசனில் கலகலவென்று இருக்கும், முடிந்ததும் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். மழையும் காற்றுமாக இருக்கிற மாதத்தில் இரண்டு வாரம் குடும்பத்தோடு போய்த் தங்கி, மருந்துக் கடைக்குப் போங்கள், பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் நில்லுங்கள். முக்கியமாக, ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியை எடுத்து, இதயத்துக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிற மருத்துவமனை வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அந்தச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்து சிகிச்சையும் தொடங்க முடியாது என்றால் அப்பாவின் மருத்துவரிடம் பேசாமல் முடிவு எடுக்காதீர்கள். இந்த ஒன்றுக்காக வேறு ஊர் தேடினாலும் தப்பில்லை.

சின்னவனைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம், ஆறு வயதுக்கு மணலே போதும். ஆனால் நீச்சல் தெரிந்தாலும் தனியாக விடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மீனவப் பெரியவர் என் பையனைக் கரையில் நிறுத்தி வைத்துக் காட்டிக் கொடுத்தார்: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக இருக்கிறது, பார்த்தால் அங்கேதான் இறங்கத் தோன்றும், ஆனால் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்கு ஓடுகிற வழி அது. இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. என் பெண் சேர்ந்த வகுப்பில் எல்லோரும் பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யாரும் அவளிடம் மோசமாக நடக்கவில்லை, ஆனால் யாருக்கும் புதிதாக ஒரு தோழி தேவைப்படவில்லை. சாயங்காலம் மாடிப்படியில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பழைய தோழிகளோடு போனில் பேசிக்கொண்டே இருப்பாள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். கடலே பக்கத்தில் இருக்கிறதே, இன்னும் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் கேட்டும்விட்டேன், அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனாள். அதை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. இரண்டாவது வருட விடுமுறையில் அந்தத் தோழிகளில் இரண்டு பேர் வந்து பத்து நாள் தங்கினார்கள். எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்தப் பாறையில் ஏறினால் வழுக்கும் என்று அவளே கூட்டிப் போய்க் காட்டினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவர்களிடம், "எங்க ஊர்ல ஆறு மணிக்கு மேலதான் காத்து நல்லா இருக்கும், கொஞ்சம் இருங்க" என்றாள். எங்க ஊர் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது உங்கள் மகளையும் கூட்டிப் போங்கள், அவளுடைய தோழிகள் வந்தால் தங்க ஓர் அறை இருக்கிற வீடாகப் பாருங்கள்.