விண்டேஜ் ஷாம்பெயின்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: லேபிளில் ஆண்டு போட்ட ஷாம்பெயினுக்கும் போடாததற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ஆண்டு போடாததில் பல வருட ஒயின்களைக் கலப்பார்கள், எப்போது வாங்கினாலும் அதே சுவை வர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆண்டு போட்டதுதான் விண்டேஜ், அதில் அந்த ஒரே ஆண்டின் அறுவடை மட்டுமே. பாட்டிலில் அடைத்த பிறகு, விற்பதற்கு முன், ஆண்டு போடாததைக் குறைந்தது 15 மாதம், விண்டேஜை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரச் சட்டம். நல்ல தயாரிப்பாளர்கள் அதையும் தாண்டி வைத்திருப்பார்கள்.

கேள்வி: வெயில் நன்றாக அடித்து, பழம் நன்றாகப் பழுத்தால் அது நல்ல விண்டேஜ்தானே சார்?

பதில்: பாதிதான் சரி. இங்கே புளிப்புதான் முதுகெலும்பு. 2003-ல் கடும் வெப்பம். ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியது, புளிப்பு குறைந்துபோனது. 2008 குளிர்ச்சியான ஆண்டு. பழம் மெதுவாகப் பழுத்ததால் இனிப்பு ஏறியும் புளிப்பு இறங்கவில்லை. பல வருடம் வைத்துக் குடிப்பதற்கு நான் 2008 பக்கம்தான்.

கேள்வி: குமிழி எப்படி வருகிறது? சோடா மாதிரி கேஸ் ஏற்றுகிறார்களா?

பதில்: இல்லை, பாட்டிலுக்குள்ளேயே பிறக்கிறது. முதல் நொதிப்பில் சுமார் 11 சதவீத ஆல்கஹால் உள்ள, குமிழி இல்லாத ஒயின் கிடைக்கும். அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பாட்டிலில் ஊற்றி, சோடா மூடி போன்ற உலோக மூடி போட்டு, குளிர்ந்த நிலவறையில் படுக்க வைப்பார்கள். 4 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. 24 கிராமுக்கு 6 வரும். ஆல்கஹாலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடிக்கும். அடிப்படை ஒயினில் ஆல்கஹால் அதிகமாக இருந்தாலோ, அறை மிகவும் குளிர்ந்தாலோ ஈஸ்ட் பாதியில் நின்றுவிடும். நுரை மெலிந்து, இனிப்பு மிஞ்சும்.

கேள்வி: அந்த பிரெட், பிஸ்கட் வாசனை எதனால்?

பதில்: வேலை முடிந்து செத்த ஈஸ்ட் வண்டலாகப் படியும். அதன் செல்கள் மெல்லச் சிதைந்து, உள்ளிருக்கும் புரதமும் அமினோ அமிலங்களும் ஒயினில் கரைகின்றன. வாசனையும் வாயில் நிற்கும் வழவழப்பும் அங்கிருந்துதான். இதை அவசரப்படுத்த வழியில்லை. விண்டேஜுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புக்குத்தான்.

கேள்வி: வண்டலை எடுக்கும்போது கேஸ் போய்விடாதா?

பதில்: முதலில் பாட்டிலைத் தினமும் சிறிது திருப்பி, சாய்த்து, தலைகீழாக்கி வண்டலைக் கழுத்துக்கு இறக்குவார்கள். கையால் செய்தால் சில வாரம், எந்திரத்தில் ஒரு வாரம் போதும். பிறகு கழுத்தை மட்டும் மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே உள்ள கரைசலில் முக்கினால் வண்டல் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். கேஸ் இழப்பு கொஞ்சம்தான். குறைந்த அளவை ஒயினும் சர்க்கரையும் கலந்து நிரப்பித் தக்கை போடுவார்கள்.

கேள்வி: 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் இனிப்பே இல்லாததா?

பதில்: இல்லை, லேபிளில் 'ப்ரூட்' என்று போட்ட வகையைவிட இனிப்பு. ப்ரூட்டில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ். எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17.

கேள்வி: வாங்கியதை இன்னும் பத்து வருஷம் வைக்கலாமா?

பதில்: வலுவான விண்டேஜ் என்றால் வைக்கலாம். 10–12 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம் வேண்டும். வண்டலை எடுத்த தேதி பின் லேபிளில் இருந்தால் அதையும் பாருங்கள். வண்டல் போன பிறகு முதிர்ச்சி வேறு திசையில், தேன், கொட்டைப்பருப்பு வாசனை நோக்கிப் போகும். நிறமற்ற பாட்டிலை வெளிச்சத்தில் வைத்தால் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும்.

கேள்வி: திறந்தால் பொங்குகிறது, ஊற்றினால் நுரையே நிற்பதில்லை. ஒயின் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பொங்கினால் பாட்டில் போதுமான அளவு குளிரவில்லை, அல்லது குலுங்கியிருக்கிறது. விண்டேஜுக்கு 10–12 டிகிரி சரி. அதற்கும் கீழே போனால் வாசனை மூடிக்கொள்ளும். திறக்கும்போது தக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பாட்டிலைத் திருப்புங்கள். நுரை நிற்காததற்குக் கிளாஸில் ஒட்டிய சோப்புப் படலம்தான் வழக்கமான காரணம். வெந்நீரில் மட்டும் அலசி, கவிழ்த்து உலர வையுங்கள்.