மாடியில் இருக்கும் வயர்லெஸ் ரேடியோ பூட் ஆகாமல் விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைகிறது. புதிது வாங்க வேண்டியதுதானா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்து இணைப்பு எடுத்திருக்கிறார். மூன்று வருடம் ஓடியது. நல்ல மழைக்குப் பிறகு வீட்டுப் பக்க ரேடியோ பாதி தூரம் பூட் ஆகிறது, அணைகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் சில வருடம் ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் இந்த வேலைதான் பார்த்தேன். ‘செத்துப்போச்சு’ என்று டவரிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த எத்தனையோ ரேடியோக்கள், மேசையில் ஒரு மீட்டர் கேபிளில் போட்டதும் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

காரணம் பெரும்பாலும் மின்சாரம்தான். பூட் ஆகும் முதல் சில விநாடிகளில் ரேடியோவுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். உள்ளே ஓடும் லினக்ஸ் மென்பொருள் ஏறி, வயர்லெஸ் சிப் அலையை அனுப்பத் தொடங்கும்போதுதான் நிஜமாக இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்தால் பழையபடி ஆரம்பத்துக்கே போய்விடும். பாதியில் நின்று திரும்புகிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

எனவே முதல் சந்தேகம் பிஓஇ அடாப்டர் மேல், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் அனுப்பும் அடாப்டர். மல்டிமீட்டர் வைத்தால் 24 வோல்ட் காட்டும், நம்பாதீர்கள். உள்ளே கெபாசிட்டர் காய்ந்துபோன அடாப்டரும் சும்மா இருக்கும்போது 24 காட்டும். சுமை ஏறியதும் படுத்துவிடும். இதில் நானே ஏமாந்து ஒரே டவரில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். புது ரேடியோவை மாட்டினேன், அதுவும் அதே கூத்து. கீழே மூடிய பெட்டிக்குள், யூபிஎஸ் சூட்டில் வெந்துகொண்டிருந்த அடாப்டரைக் கடைசியில்தான் மாற்றினேன். மாற்றும்போது வோல்டேஜைப் பாருங்கள். 24 வோல்ட் ரேடியோவுக்குக் கையில் கிடைத்த 48 வோல்ட் அடாப்டரைச் செருகினால் நல்ல ரேடியோவும் போய்விடும்.

அடுத்தது கேபிள். சாதாரண கேட்-5 செம்புக் கம்பி 100 மீட்டருக்கு ஒரு இழை ஏறக்குறைய 9 ஓம். போக இரண்டு இழை, வர இரண்டு இழை என்பதால் மொத்தச் சுற்றும் அதே 9 ஓம் வரும். 8 வாட் இழுக்கும் ரேடியோ என்றால் 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைகிறது. இதுவே அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிள் என்றால் இழப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான்.

மழைக்குப் பிறகு வந்த கோளாறு என்பதால் மேலே கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே-45 கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். இந்த வகை ரேடியோக்களில் 4, 5 பின்களில் பாசிட்டிவ், 7, 8-இல் நெகட்டிவ். ஈரம் புகுந்தால் பாசிட்டிவ் பக்கம்தான் முதலில் பச்சை பூத்து அரிக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்; சுரண்டித் துடைத்தது அடுத்த மழை வரைக்கும்தான். ரேடியோவுக்குக் கீழே கேபிளைக் கொஞ்சம் தொங்க விட்டுக் கட்டினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

போன் ஸ்டாப்வாட்சில் ரீஸ்டார்ட் இடைவெளியையும் ஐந்தாறு முறை குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே விநாடியில் விழுந்தால் ஃபார்ம்வேர் (ரேடியோவுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மேல் சந்தேகப்படலாம். முன்பின் மாறினால் மின்சாரம். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

ஃபார்ம்வேர்தான் என்றால் டிஎஃப்டிபி வழி இருக்கிறது, அதாவது லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே ஃபார்ம்வேர் கோப்பை நேரடியாக ரேடியோவுக்குள் அனுப்பும் முறை. யுபிக்விட்டி நிறுவனத்தின் ஏர்மேக்ஸ் ரேடியோ என்றால், ரீசெட் பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டும் வரை விடாமல் பிடியுங்கள். லேப்டாப்புக்கு 192.168.1.100 போன்ற ஐபி கொடுத்து, ஃபயர்வாலையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, பைனரி முறையில் 192.168.1.20-க்கு, அதாவது ரேடியோவின் ஐபிக்கு, கோப்பை அனுப்புங்கள். நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தால் ரேடியோ அணைந்து எழும்போது லேப்டாப்பின் இணைப்பு அறுந்து தொல்லை தராது. அனுப்பிய பிறகு பத்து நிமிடம் அதைத் தொடாதீர்கள். பழைய எம் வரிசையில் பெட்டி ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே எக்ஸ்எம், எக்ஸ்டபிள்யூ என இரண்டு வகைப் பலகை உண்டு, கோப்பும் வெவ்வேறு.

இன்னொன்று. சில 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் ரேடியோ எழுந்ததும் ராடார் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அலையை அனுப்பும். அதைப் பூட் ஆகவில்லை என்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்கியவர்களும் உண்டு, முதல் மாதத்தில் நான் உட்பட.

இடி விழுந்து, பவர் விளக்கு நிதானமாக எரிந்தும், குட்டைக் கேபிளில் கூட லேப்டாப்புக்கு இணைப்பு வராவிட்டால் ஈதர்நெட் போர்ட் கருகியிருக்கும். அப்போது புதிது வாங்குங்கள். பழையதோடு வந்த கம்பத்துக் கவ்வியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அது தனியாகக் கேட்டால் கடையில் சிரிக்கிறார்கள்.